துக்கம் காத்த குதிரை

மச்சான்,

என் கையில் இன்னும் அந்த நாற்றம் இருக்கிறது. நேற்று மத்தியானத்திலிருந்து மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தேன். கடைசியில் அடுப்புச் சாம்பலும் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் முதலில் அதுதான் வருகிறது. அழுகிய முட்டையும் நனைந்த சாக்கும் சேர்ந்தது போல ஒரு நாற்றம். மாடுகளோடு ஐம்பது வருடம் புழங்கிய மூக்கு என்னுடையது. சாணத்துக்கும் சீழுக்கும் கோணாத மூக்கு. இதற்கு மட்டும் கோணுகிறது. ஏனென்றால் இது என்னால் வந்த நாற்றம். உன் குதிரையின் குளம்புக்குள்ளிருந்து வந்தது.

நேற்று நுவரெலியாவிலிருந்து வந்த லாடம் அடிக்கிற மனிதர் ஒருவர் உன் குதிரை மேடத்தின் நாலு காலையும் தூக்கிப் பார்த்து, வளர்ந்து கிடந்த குளம்புகளை வெட்டிவிட்டுப் போனார். வெட்டி விழுந்த துண்டுகளுக்குத் தெருநாய்கள் சண்டை பிடித்தன. ஒரு நாய் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு நேரே உன் வீட்டு வாசலுக்குப் போய் அங்கே படுத்திருந்து கடித்தது. உன் மனைவி அதைக் கண்டுவிட்டு, தெருவால் போன என்னை மறித்து, "இதென்ன அண்ணன், மாட்டுக் கொம்பா?" என்று கேட்டாள். எனக்குக் காது கேட்கவில்லை என்பது போலச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன். அறுபது வயதில் ஒரு கேள்விக்குப் பயந்து ஓடினவன் உன் கூட்டாளி.

உன்னுடைய ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவளுடைய மனதில் இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் நான் செய்தது இன்னும் ஒரு வருடத்துக்கு நல்ல பேரோடு நடமாடும். அதுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் முதலில் சொல்லிப் பார்த்தால் வாய் பழகும் என்று ஒரு நினைப்பு.

நான் என்ன செய்து பிழைக்கிறவன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், குற்றம் அங்கேதான் தொடங்குகிறது. காலையில் பால் சேகரிக்கிற இடத்தில் பால் அளக்கிறேன். பின்னேரம் என் மாடுகள். இதற்கு நடுவே, ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாளன்று கொடுக்கிற நினைவு மலரை எழுதுகிறவன் நான்தான். வாழைச்சேனையிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். பிறப்பு, வளர்ப்பு, குணம், கடைசி வார்த்தை என்று எனக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. வாழ்நாள் முழுக்க வாயைத் திறந்தால் தூஷணம் பேசினவரையும் நான் "இன்சொல் வேந்தர்" ஆக்கியிருக்கிறேன்.

உனக்கு அந்த மலர்கள் என்றால் நல்ல பகிடியும் சிரிப்பும். ஒவ்வொன்றையும் பாசிக்குடாவுக்கு வேலைக்குக் கொண்டுபோய், மத்தியானம் சாப்பிடும்போது சத்தமாக வாசித்துக் காட்டுவாயாம். பின்னேரம் என் வேலிப் படலைக்கு வந்து நின்று, "டேய், மனிசிக்கு அடிச்சுப் பல்ல உடைச்சவன நீ இல்லறச் செம்மல் ஆக்கிப்போட்டாய். இனி அவ அந்தப் புத்தகத்த வாசிக்கவும் பல்லில்ல" என்பாய். எனக்குக் கோபம் வரும். எழுத்தின் அருமை ஓட்டோவும் வேனும் ஓட்டுகிறவனுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் பகிடியை விட்டுவிட்டுச் சொன்னாய்: "நான் செத்தா எனக்கு ஒண்டும் சோடிச்சு எழுதாத மச்சான். என்னைத் தெரிஞ்ச ஆக்கள் சிரிப்பாங்க." நான் ஓம் என்றேன். உனக்கு நான் சொன்ன ஓம்களை எண்ணத் தொடங்கினால் இந்த மடல் முடியாது.

மேடம் வந்த நாள் நினைவிருக்கிறதா? நீ சாரதியாக இருந்த கடற்கரை விடுதியில் வெள்ளைக்காரர்கள் ஏறிச் சவாரி போக இரண்டு குதிரைகள் வைத்திருந்தார்கள். பிறகு சவாரியை நிறுத்திவிட்டார்கள். இளம் குதிரையை மலைநாட்டுக்கு ஏற்றினார்கள். வயது போன வெள்ளைப் பெட்டையை யாரும் கேட்கவில்லை. தினமும் பின்னேரம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதில் ஏறிப் போவாராம். அவரை 'மேடம்' என்று அழைக்கிற அந்தப் பெயரையே பகிடிக்கு வேலையாட்கள் குதிரைக்கும் வைத்திருந்தார்கள். "மேடத்த நான் கொண்டு போறன்" என்று நீ சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்து வந்தாய். அன்றைக்கு ஊரே உன் பின்னால் வந்தது. உன் மனைவி வாசலில் நின்று, "இஞ்ச எனக்கே இடமில்ல, இன்னொரு மேடம் எதுக்கு?" என்று கேட்டாள். இரண்டு கிழமை போக அவளே அதற்குச் சோற்றுக் கஞ்சி வைத்தாள்.

விடியற்காலையில் நீ அதைச் செம்மண் கிறவல் றோட்டால் புகையிரத நிலையம் வரைக்கும் நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டி வருவாய். மழை பெய்தாலும் போவாய். ஏறிப் போவதும் இல்லை, பக்கத்தில் நடப்பாய். நான் பால் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எதிரே வருவேன். "என்ன, ரெயிலுக்கு ஆள் ஏத்தப் போறயா?" என்று கேட்பேன். நீ சிரிப்பாய். மாதத்துக்கு ஒரு தடவை முற்றத்தில் அதன் காலை உன் முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு, விடுதியில் பார்த்துப் பழகின மாதிரி வெட்டி, பெரிய அரத்தால் இழுப்பாய். வெள்ளையாகத் தூள் கொட்டும். அதைப் பார்க்க எனக்கு அடக்க முடியாத சிரிப்பு.

"மாட்டுக்கு ஆரும் நகம் வெட்டுறானாடா?"

"இது மாடில்ல மச்சான்."

"நாலு காலும் ஒரு வாலும் இரிந்தா எல்லாம் மாடுதான். எங்கட அப்பா முந்நூறு மாடு மேய்ச்சவர். எனக்கு நீ சொல்லித் தராத."

"றோட்டில தேயாட்டி இது வளரும். வளந்தா நடக்காது. அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டு நீ மற்றக் காலைத் தூக்கினாய். நீ சொன்னது அவ்வளவு இலகுவான விஷயம். படிப்பில்லாதவனுக்கும் விளங்கும். முந்நூறு மாட்டுக்காரனின் மகனுக்கு மட்டும் விளங்கவில்லை.

உன் சிறுநீரகம் பழுதாகி மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் போகவும் வரவுமாக ஐந்து மாதம் கிடந்தாயே, அப்போதுதான் மேடம் என் பொறுப்புக்கு வந்தாள். நான் அவளை ஆற்றங்கரையில் இருக்கிற என் காணியில் மாடுகளோடு கட்டினேன். முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். காலுக்குக் கீழே எப்போதும் சதுப்பு. எருமைக்குச் சொர்க்கம் போன்ற இடம். ஒரே மாதத்தில் அவளுடைய வயிறு உருண்டுவிட்டது. அதைப் பார்த்து எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் கூசுகிறது. உன் கட்டிலருகே வந்து, "மேடம் உன்னட்ட இரிந்ததை விட இப்பதான் கொழுத்திரிக்கா" என்று சொன்னேன்.

"நடத்துறயா?"

"ஓம்."

"கால் பாத்தயா?"

"ஓம் ஓம்."

ஒரு நாளும் நடத்தவில்லை. ஒரு நாளும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது மச்சான், அதுதான் உண்மை. ஒரு குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா றோட்டால் நடந்து போவதைப் பால்காரர்கள் கண்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். உனக்குச் செய்த பகிடியை ஊர் எனக்குச் செய்துவிடும் என்று பயம்.

கடைசியாக நான் வந்த நாள் மாரி மழை தொடங்கியிருந்தது. ஆசுபத்திரி வாட்டு யன்னலால் தூவானம் அடித்தது. உன் மனைவி மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். நீ என் கையை இழுத்துப் பிடித்தாய். உன் பிடியில் பலமே இல்லை. "மச்சான், மழை வந்திட்டு. அத ஈரத்தில கட்டாத. ஒவ்வொரு நாளும் காலத் தூக்கிப் பார். தூக்கிப் பார்க்கோணும், சும்மா நிண்டு பாத்தா தெரியாது" என்றாய். நான் குனிந்து, பெரிதாக ஏதாவது சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். சாகக் கிடக்கிறவன் குதிரைக்காலைப் பற்றியா பேசுவான்? உனக்கு நினைவு தடுமாறுகிறது என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு நீ கண்ணை மூடிக்கொண்டாய். இரண்டாம் நாள் செய்தி வந்தது.

உன்னுடைய நினைவு மலரில் கடைசி வார்த்தை என்ற இடம் வந்தபோது என் பேனா கொஞ்சம் நின்றது. குதிரையின் காலைத் தூக்கிப் பார் என்பதை அச்சில் எப்படிப் போடுவது? உன்னைச் சின்னவனாக்கிவிடும் என்று நினைத்தேன். "இறுதி மூச்சிலும் தன் ஊரை மறவாது, 'எல்லோரும் ஒற்றுமையாக வாழுங்கள்' என மொழிந்தார்" என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

அதோடு நின்றிருந்தால் அது வழக்கமான பொய்களில் ஒன்றாகப் போயிருக்கும். நீ செத்து மூன்று கிழமை இருக்கும். மேடம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கத் தொடங்கினாள். மாடுகள் மேய்ந்து தள்ளிப் போனாலும் அவள் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டாள். காலை மாற்றி மாற்றி வைப்பாள். திடீரென்று படுத்துவிடுவாள். புல்லைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைக் கண்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை, அதை நம்பு. நீ இல்லாமல் நானும் சாப்பிட மனமில்லாமல்தான் திரிந்தேன். என்னுடைய துக்கத்தை எடுத்துக் குதிரையின் தலையில் வைத்துவிட்டேன்.

அன்றைக்கே ஒரு பக்கம் எழுதினேன். "எசமானைப் பிரிந்த வாயில்லாச் சீவனின் மௌனத் துக்கம்" என்று தலைப்பு. அவள் தலைகுனிந்து நிற்கிற படத்தையும் போட்டு மலரில் சேர்த்தோம். முப்பத்தோராம் நாள் அதை நான் எழுந்து நின்று வாசித்தபோது பந்தலில் ஒரு கண்ணும் காயவில்லை. உன் மனைவி சாப்பாட்டுப் பந்தி முடியும் வரைக்கும் கூடக் காத்திருக்காமல் என் காணிக்கு ஓடி வந்து, மேடத்தின் கழுத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சர்க்கரைக் கட்டியோடு வருவாள். கட்டாரில் இருக்கிற உன் மகள் போனில் குதிரையைக் காட்டச் சொல்லிக் கேட்பாள். "அப்பாட குதிர" என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிடும்.

அந்தப் பக்கத்தை யாரோ போனில் படம் எடுத்து அனுப்ப, அது எங்கெங்கோ போயிற்று. பாசிக்குடாவில் குளிக்க வருகிற சனம் திரும்பிப் போகிற வழியில் என் காணியில் இறங்கத் தொடங்கியது. ஏறாவூரிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். நான் அந்தப் பக்கத்துக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு வேலியில் கட்டினேன். ஆட்கள் வந்தால் வெறும் மேலில் சேட்டை மாட்டி, பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்து கதை சொல்வேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும். நீ செத்த நேரத்தில் அவள் கனைத்தாள் என்றேன். உன் வீடு இருக்கிற திசையைப் பார்த்தே நிற்பாள் என்றேன். இலையான் மொய்த்துக் கண்ணிலிருந்து தண்ணீர் வடியும். அதையும் கண்ணீர் என்றேன். சனம் நிற்கும்போதே அவள் படுத்துவிட்டால், "துக்கம் தாங்கேலாமப் படுத்திட்டா, போய்ட்டு வாங்க" என்று நான்தான் சொல்லி அனுப்புவேன்.

காலை நான் பார்க்கவே இல்லையா என்று நீ கேட்பாய். கண்டேன். பெரும்பாலும் சேற்றுக்குள் புதைந்திருக்கும். வெயில் காலத்தில் சேறு காய்ந்தபோது குளம்பின் முனை நீண்டு, தேங்காய் திருவுகிற திருவலையின் அலகு போல மேலே வளைந்திருந்தது தெரிந்தது. வயது போன குதிரைக்கு அப்படித்தான் இருக்குமாக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் தூக்கிப் பார்க்கக் குனிந்தேன், அவள் வெடுக்கென்று இழுத்தாள், விட்டுவிட்டேன். மாட்டுக்குப் பூசுகிற வேப்பெண்ணெயும் மஞ்சளும் மேலால் பூசிவிட்டேன். அதோடு என் கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன்.

நேற்று வந்த மனிதர் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வந்தார். விடுதி ஒன்றில் இருக்கிற குதிரைகளுக்கு லாடம் மாற்ற வந்தவரிடம் காவல்காரர், இங்கே துக்கம் காக்கிற குதிரை ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். என் வயதுதான் இருக்கும். கட்டையான ஆள், கழுத்தில் துவாய், கையில் ஒரு சாக்குப் பை. ஓட்டோவால் இறங்கி, "அந்தக் குதிர இங்கதானுங்களா?" என்று மலைநாட்டுப் பேச்சில் கேட்டார். நான் உள்ளே போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து கதையைத் தொடங்கினேன். மூன்றாவது வசனத்தில் இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேடத்தின் முகத்தையும் பார்க்கவில்லை. குந்தியிருந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் பேசாம இருங்க" என்றார்.

நான் நிறுத்தினேன்.

"எப்ப வெட்டுனது?"

"என்ன வெட்டினது?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இதுக்குச் சொந்தக்காரர் இருந்தப்ப குளம்ப யாரு வெட்டுனா?"

"அவன்தான் வெட்டினவன். அவன் செத்து வருசமாகப் போகுது. அதுக்கு முந்தி அஞ்சு மாசம் ஆசுபத்திரி."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப இது துக்கம் இல்லீங்க ஐயா. கால் வலி."

ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். அவர் அதை வானம் மூட்டமாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

காய்ந்த கெட்டித் தரை வேண்டும் என்றார். பால் கான் வைக்கிற சீமெந்துத் தளம்தான் இருந்தது. அங்கே போக முப்பது காலடி இருக்காது. அந்த முப்பது எட்டையும் அவள் எப்படி நடந்தாள் என்று நேற்றுத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். முன்னங்காலின் முனை நிலத்தில் பட்டுவிடாமல், குதியை வைத்து வைத்து, ஒவ்வொரு எட்டுக்கும் யோசித்து வந்தாள். அவர் அவளோடு ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தார். காலைத் தன் முழங்கால்களுக்கு இடையில் வாங்கி, என்னை மற்றப் பக்கத்தால் பிடிக்கச் சொன்னார். நீ இருந்த அதே மாதிரி குனிந்து இருந்தார்.

வளைந்த கத்தியால் அடியிலிருந்த சேற்றை இழுத்தபோதுதான் அந்த நாற்றம் வந்தது. உள்ளே கறுப்பாக ஊறிக் கிடந்தது. என் விரல்களில் வழிந்தது. பிறகு நீண்ட பிடி போட்ட குறட்டால் முனையைக் கடித்துக் கடித்து எடுத்தார். பாக்குவெட்டியின் சத்தம் போலத்தான், ஆனால் ஒவ்வொரு சத்தமும் எனக்கு மண்டைக்குள் கேட்டது. முழுவதையும் எடுக்கவில்லை. "ஒரே நாள்ல எடுத்தா தாங்காதுங்க. ஆறு வாரத்துக்கு ஒருக்கா, இன்னும் மூணு நாலு தடவ வரணும். காஞ்ச எடத்துல கட்டுங்க. அந்தப் பச்சப் புல்ல நிறுத்துங்க, அதுவும் கால்லதான் எறங்குது, காஞ்ச புல்லு குடுங்க. ரெண்டு நாள் போனதும் கெட்டித் தரையில பத்து அடி நடத்துங்க, அப்புறம் இருவது."

"பழையபடி நடக்குமா?"

"மூணு காலு சரியாப் போகும். எடது முன்னங்கால சொல்ல முடியல. உள்ளுக்க எலும்பு சரிஞ்சிருக்கும் போல." அரத்தைத் தட்டி வைத்துவிட்டு வேலியில் தொங்கிய பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். முழுவதையும் வாசித்தார். "இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே உட்டிருந்தீங்கன்னா படுத்த எடத்துலயே செத்துருக்கும். அப்பவும் நீங்க துக்கத்துல செத்துச்சுன்னு நல்லா எழுதியிருப்பீங்க ஐயா" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னார்.

கடைசிக் காலையும் கீழே விட்டதும் மேடம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு நாலு காலிலும் பாரத்தைப் போட்டு, மூக்கால் நீளமாக மூச்சு விட்டாள். தலை நிமிர்ந்தது. பக்கத்தில் கிடந்த வைக்கோலை எட்டி இழுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். ஊரெல்லாம் அழவைத்த என் காவியம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

இப்போது உன் மனைவிதான் பாக்கி. திவசத்தன்று மேடத்துக்கு மாலை போட்டு உன் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று இருக்கிறாள். அதற்குப் புதிதாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டாள். எழுதுவது எனக்கு ஒரு வேலையில்லை. துக்கமும் இருந்தது, நோவும் இருந்தது என்று இரண்டையும் கலந்து எழுதிவிடலாம். அப்படி ஒரு வசனம் இப்போதே என் தலையில் வந்து நிற்கிறது. அதனால் இந்த இடத்தில் பேனாவை வைக்கிறேன்.

மேலே உள்ளதை எழுதி எட்டு நாளாகிறது மச்சான். நான் போனேன்.

அன்றைக்குப் பின்னேரமே போனேன், யோசித்தால் போகமாட்டேன் என்று. குசினி வாசலில் இருந்து பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். "தங்கச்சி, மேடம் துக்கம் காக்கல்ல. அதுக்குக் கால் நொந்தது. குளம்பு வளந்து உள்ளுக்கு அழுகிட்டு. நான் பாக்கல்ல."

அவள் அரிப்பதை நிறுத்தவில்லை. "ஆர் சொன்ன?"

"லாடம் அடிக்கிற மனிசன். நேத்து நாய் கடிச்சதும் அதுதான்."

"அப்ப வெள்ளிக்கு வெள்ளி நான் கழுத்தக் கட்டிப் புடிச்சு அழக்குள்ள, அது நோவிலயா நிண்ட?"

"ஓம்."

"நான் அதில சாஞ்சுதானே அண்ணன் நிண்ட நான். என்ட பாரத்தையும் போட்டு."

அவள் அரிதட்டைக் கீழே வைத்தாள். "அவர் உங்களிட்டச் சொல்லல்லையா? காலப் பாக்கச் சொல்லி? என்னட்ட எண்டா நாளைக்குப் பத்துத்தரம் கேப்பாரே, அண்ணன் பாக்கிறாரா, அண்ணன் நடத்துறாரா எண்டு. நான் ஓம், அவர் பாக்கிறாராம் எண்டு சொல்லுவன்."

"சொன்னவன். கடைசியா அவன் சொன்னதும் அதுதான்."

"அப்ப அந்த ஒற்றுமை?"

"அது நான் எழுதினது."

அவள் மாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினாள். "அவர் அப்பிடிக் கதைக்கிற மனிசனே இல்ல. அத வாசிக்கக்குள்ள ஆரோ வேறொரு ஆளுக்கு அழுகிற மாதிரித்தான் இரிந்தது" என்றாள். பிறகு முகத்தை நிமிர்த்தாமல் கேட்டாள்: "என்னைப் பத்தி ஏதும் சொன்னவரா அண்ணன்?"

மச்சான், அந்த நேரம் என் நாக்கில் ஐந்து வசனம் வந்து நின்றது. ஒன்றை விட ஒன்று நல்ல வசனம். முப்பது வருடம் மலர் எழுதினதில் அப்படி எனக்கு வந்ததில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள், சாகும்வரை வைத்திருப்பாள். நீ கூட என்னை மன்னித்திருப்பாய்.

"இல்ல தங்கச்சி" என்றேன்.

"மகளப் பத்தி?"

"இல்ல. காலத் தூக்கிப் பாக்கச் சொன்னவன். வேறொண்டும் சொல்லல்ல."

அவள் எழுந்து கையைக் கழுவினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள். நான் பின்னால் போனேன். என் காணியில் மேடத்தின் முன்னால் குந்தியிருந்து இடது காலைத் தொட்டாள். எனக்கு இழுத்துக்கொள்கிற அந்தக் கால் அவளுக்குத் தானாகவே மேலே வந்தது. மடியில் வைத்துக்கொண்டு, வெட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மகளுக்கு இதை யார் சொல்வது என்று கேட்டேன். "நீங்கதான் சொல்லோணும்" என்றாள். அன்று பின்னேரமே போன் எடுத்துச் சொன்னேன். உன் மகள் போனை வைத்துவிட்டாள். இன்னும் எடுக்கவில்லை.

வேலியில் கட்டியிருந்ததைக் கழற்றிவிட்டேன். வருகிற சனத்திடம், துக்கமில்லை, கால் வருத்தம், நான் பார்க்காமல் விட்டது என்று சொல்கிறேன். சில பேர் ஏமாந்துபோய்த் திரும்புகிறார்கள். திவசத்துக்கு எழுத்து ஒன்றும் வேண்டாம் என்று உன் மனைவி சொல்லிவிட்டாள். குதிரைக்கு மாலையும் இல்லை.

இப்போது காலையில் அவள்தான் வருகிறாள். நான் படலையைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. கிறவல் றோட்டில் இன்றைக்கு மேடத்தை ஐம்பது எட்டு நடத்தினாள். இடது முன்னங்கால் இன்னும் நொண்டுகிறது. நான் பின்னால், கொஞ்சம் தள்ளி நடக்கிறேன். பால்காரர்கள் சைக்கிளில் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். என்னோடு அவள் கதைப்பதில்லை. இன்று காலை மட்டும், படலையைத் தாண்டுகிற நேரம், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"உண்மையா ஒண்டும் சொல்லல்லையா அண்ணன்?"

"இல்ல தங்கச்சி."

நாளைக்கும் கேட்பாள், மச்சான். நாளைக்கும் நான் அதையே சொல்ல வேண்டும்.